லாக் கையில் இருக்கும்போது ரெஃப்கவுண்ட் எதற்கு? எந்த கெட்/புட் ஜோடியை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

நொய்யல்கரை

வணக்கமுங்க. விசைத்தறிக் கூடத்துல தறி ஓட்டத்தைக் கண்காணிக்கிற லினக்ஸ் டிரைவர் ஒண்ணு. தறிக்கு ஒரு ஸ்ட்ரக்ட், எல்லாம் ஒரே லிங்க்டு லிஸ்ட்ல. லிஸ்ட்டுக்கு ஒரு குளோபல் மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பிடிக்கற லாக்), பேரு தறி_பூட்டு. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள ஒரு கேரெஃப், அதாவது எத்தனை பேரு அதைப் பிடிச்சிருக்காங்கன்னு எண்ணற ரெஃப்கவுண்ட்: கெட் ஒண்ணு கூட்டும், புட் ஒண்ணு குறைக்கும், 0 ஆனா ஸ்ட்ரக்ட்டோட நினைவகம் விடுபடும்.

தறி_தேடு() எண்ணை வாங்கி, லிஸ்ட்ல தேடி, கேரெஃப்_கெட் பண்ணி பாயிண்டரைத் தரும். வேலை முடிஞ்சதும் தறி_விடு(), அதுக்குள்ள கேரெஃப்_புட். ஸ்ட்ரக்ட் உருவாகறப்ப கேரெஃப்_இனிட் வைக்கிற 1 லிஸ்ட்டோட பங்கு. தறி_நீக்கு() பூட்டை எடுத்து, லிஸ்ட்_டெல் பண்ணி, அந்தப் பங்கை விட்டுட்டு, பூட்டைத் திறக்குது.

இந்தத் தேடு/விடு ஜோடி 11 ஃபங்ஷன்ல இருக்குது. 11லயும் பூட்டைப் பிடிச்ச பிறகுதான் தேடறோம். "பூட்டு கையில இருக்கறப்ப யாரும் லிஸ்ட்ல இருந்து நீக்க முடியாதே, அப்பறம் எண்ணிக்கை எதுக்கு"ன்னு ரிவியூல கேட்டிருக்காங்க. நியாயமாத்தான் படுது. 11லயும் ஒரே பேட்ச்ல எடுத்துடலாமுங்களா?

பவானிக்கூடல்

ஒரே பேட்ச்ல வேண்டாம் தம்பி. இப்ப யாரு தொடலாம்ங்கறதுக்குப் பதில் பூட்டு. எது வரைக்கும் உசுரோட இருக்கும்ங்கறதுக்குப் பதில் எண்ணிக்கை. நீக்கறவனும் அதே பூட்டை எடுத்துத்தான் ஆகோணும்னா, பூட்டு கையில இருக்கற நேரத்துக்கு மட்டும் ரெண்டாவது கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிடுது. அந்த நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு அந்த நேரத்துக்குள்ள முடியற கெட்/புட் ஜோடி வீண். கெர்னல் ஆவணத்துல கேரெஃப்புக்கான முதல் விதியும் இதைத்தான் சொல்லுது: பாயிண்டரைத் தற்காலிகமா இல்லாம நகல் எடுத்து வெச்சாத்தான் கெட் கட்டாயம்.

ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியா இப்படிப் பார்க்கோணும்.

பாயிண்டர் எங்கிருந்து வந்தது? பூட்டை எடுத்த பிறகு லிஸ்ட்ல இருந்து வந்திருந்தா சரி. முந்தி ஒருக்கா பூட்டு எடுத்தப்ப கிடைச்சதை லோக்கல் வேரியபிள்ல வெச்சிருந்து, மறுக்கா பூட்டு எடுத்துத் தொட்டா அது செல்லாது.

எங்கே போகுது? ரிட்டர்ன் வேல்யூ, வேற ஸ்ட்ரக்ட்டோட ஃபீல்டு, டைமர், வொர்க் க்யூ, கால்பேக் ஆர்குமெண்ட். இதுல எதுலயாவது ஏறிப் போனா அது பூட்டை விட அதிக நேரம் உயிர் வாழும். அங்கே கெட் வேணும்.

நடுவுல பூட்டு திறக்குதா? இங்கதான் நெம்பப் பேரு வழுக்கறது. நீங்க திறக்காம இருக்கலாம், நீங்க கூப்பிடற ஃபங்ஷன் திறந்துட்டு மறுபடி பூட்டலாம். வெளியில இருந்து பார்த்தா பூட்டோட போயி பூட்டோட வந்த மாதிரியே தெரியும். ஸ்பார்ஸ்ங்கற கோடு சோதிக்கற டூலுக்கான __ரிலீசஸ், __அக்வயர்ஸ் குறிகள் ஃபங்ஷன் மேல இருந்தா தேடறது சுலபம். ஆனா எல்லாரும் போட்டிருக்க மாட்டாங்க, அதனால கூப்பிடற ஃபங்ஷன் ஒவ்வொண்ணையும் அடி வரைக்கும் படிக்கறதுதான் வழி.

கடைசியா, அதே ஃபங்ஷன் லிஸ்ட்டோட பங்கை விடுதா? பூட்டு உங்களை மத்தவங்ககிட்ட இருந்துதான் காப்பாத்தும். உங்ககிட்ட இருந்தே உங்களைக் காப்பாத்தாது.

காங்கேயம்

மஞ்சள் மண்டிக் கணக்குல சொன்னா, கிடங்குச் சாவி மடியில இருக்கற வரைக்கும் மூட்டைக்குச் சீட்டு எழுத வேண்டியதில்லை. மூட்டையை வண்டியில ஏத்தினா சீட்டு எழுதித்தான் ஆகோணும்.

சிறுவாணி

சாவி அதே கிடங்கின் சாவியாகவும் இருக்க வேண்டும், அண்ணா. "ஏதோ ஒரு லாக் பிடித்திருக்கிறோம்" என்று சொல்லி கெட்டை எடுக்கும் பேட்ச்கள் இதில்தான் தவறுகின்றன.

பொதுவாகக் குழம்புவது பொருளுக்கு உள்ளேயே இருக்கும் லாக்கை வைத்து. தறியின் நிலையைப் பாதுகாக்க ஸ்ட்ரக்ட்டுக்குள் தனியாக ஒரு மியூடெக்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். அதைப் பிடித்திருந்தால் தறியின் ஃபீல்டுகள் மாறாது. ஆனால் தறி_நீக்கு() அந்த லாக்கை எடுப்பதில்லை, லிஸ்ட் பூட்டை மட்டும்தான் எடுக்கிறது. உள் லாக்கைப் பிடித்து நிற்கும்போதே ஸ்ட்ரக்ட் கேஃப்ரீ ஆகலாம் (அதன் நினைவகம் விடுவிக்கப்படலாம்), அதோடு அந்த லாக்கும் போய்விடும்.

தறி_நீக்கு()வும் உள் லாக்கை எடுக்கும்படி மாற்றினாலும் தீராது. மியூடெக்ஸ்_அன்லாக் ஒரே அணுச்செயல் (நடுவில் பிரிக்க முடியாத செயல்) இல்லை. அடுத்தவர் லாக்கைப் பெற்ற பிறகும் முதல் ஆளின் அன்லாக் அந்த மியூடெக்ஸ் நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் லாக் வாங்கி, அன்லாக் செய்து, கேஃப்ரீயும் செய்துவிட்டால் முதல் ஆள் விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் எழுதுவார். மியூடெக்ஸ் ஆவணத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. பொருளுக்குள் இருக்கும் மியூடெக்ஸைப் பிடிக்கவே வெளியிலிருந்து ஒரு பங்கு தேவை. அந்த கெட்டை எடுக்கவே கூடாது.

நொய்யல்கரை, உங்கள் பூட்டு குளோபல், நீக்குவதும் அதே பூட்டில். அந்த அளவில் நல்லது. 11 ஃபங்ஷன்களும் என்ன செய்கின்றன என்று போடுங்கள்.

நொய்யல்கரை

போடறேனுங்க்கா. 7 ஃபங்ஷன் ஒரே மாதிரி: பூட்டு, தேடு, ஃபீல்டைப் படி அல்லது எழுது, விடு, திற. வேகம் படிக்க, இழை அறுந்த எண்ணிக்கை படிக்க, பூஜ்யமாக்க, அந்த வகை. மீதி 4:

தறி_திற(): டிவைஸ் ஃபைல் ஓப்பன். பாயிண்டரை ஃபைலோட பிரைவேட்_டேட்டாவுல வைக்குது. ஃபைல் மூடறப்ப ரிலீஸ் ஃபங்ஷன்ல பூட்டு இல்லாமயே தறி_விடு().

தறி_மீட்டமை(): போர்டுக்கு ஃபர்ம்வேர் ஏத்தறது. ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர் நேரமெடுக்கும்னு நடுவுல பூட்டைத் திறந்துட்டு மறுக்கா எடுக்குது.

தறி_பிறகு_நிறுத்து(): டிலேய்டு வொர்க் போடுது.

தறி_நீக்கு(): தேடு, லிஸ்ட்_டெல், லிஸ்ட் பங்கை விடு, லாக்ல பேரை அச்சிடு (டிமெசேஜ் லாக்குங்க, பூட்டு இல்லை), அப்பறம் தன் பங்கை விடு, பூட்டைத் திற.

பவானிக்கூடல்

7 ஜோடி கண்ணை மூடிட்டு எடுக்கலாம். சரி, கண்ணைத் திறந்தே எடுங்க. கெட்டை எடுத்துட்டு ஏதாவது ஒரு எரர் பாத்துல புட்டை மறந்து விட்டா கதை கந்தல். கெட் மிஞ்சினா மெமரி லீக்கு, அவ்வளவுதான். புட் மிஞ்சினா 1 நேரா 0 ஆகும். ரெஃப்கவுண்ட்_டீயை (கேரெஃப்புக்குள்ள இருக்கற எண்ணிக்கை வகை) பொறுத்த வரைக்கும் அது முறையான கடைசிப் புட், ஒரு எச்சரிக்கையும் வராது. தறி லிஸ்ட்ல தொங்கிட்டே இருக்க, நினைவகம் மட்டும் போயிருக்கும். அடுத்து லிஸ்ட்டை நடக்கறவன் விழுவான், பழி அவன் மேல. அதனால கோட்டூ லேபிள் ஒவ்வொண்ணையும் பாருங்க. "விடு" லேபிளுக்குத் தாவினதெல்லாம் இனி "திற" லேபிளுக்குத் தாவோணும்.

தறி_திற()ல கெட் இருந்தே ஆகோணும், பேச்சே இல்லை.

தறி_மீட்டமை()ல ரெண்டு வழி. கெட்டை அப்படியே வெச்சுக்கறது சுலபமானது. இல்லைன்னா பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி எண்ணை மட்டும் எழுதி வெச்சுட்டு, மறுக்கா பூட்டினதும் மறுபடி தேடறது. ரெண்டாவது வழியில ஒரு குழி இருக்குது. திறந்த நேரத்துல பழைய தறியை நீக்கி, அதே எண்ணுல புதுத் தறி சேர்ந்திருக்கலாம். பழைய ஃபர்ம்வேரைப் புதுப் போர்டுல ஏத்திடுவீங்க. தலைமுறை எண் ஒண்ணு வெச்சு ஒப்பிடோணும். அந்தத் தலைவலிக்கு கெட்டே மேல். இன்னொண்ணு: கெட் இருந்தாலும், மறுக்கா பூட்டின பிறகு "இது இன்னும் லிஸ்ட்ல இருக்குதா"ன்னு சோதிக்கோணும். எண்ணிக்கை நினைவகத்தைத்தான் காப்பாத்தும், லிஸ்ட்ல இருக்கறதை உறுதி பண்ணாது.

தறி_பிறகு_நிறுத்து()ல வொர்க்குக்குன்னு ஒரு பங்கு வேணும். அதைச் சரியா எண்ணறீங்களான்னு பாருங்க. க்யூ_டிலேய்டு_வொர்க் ட்ரூ தந்தா புதுசா வரிசையில ஏறியிருக்குது, பங்கு வொர்க்கோடது. ஃபால்ஸ் தந்தா ஏற்கெனவே வரிசையில இருக்குது, நீங்க எடுத்த பங்கு உபரி, உடனே விடோணும். மாட்_டிலேய்டு_வொர்க் இதுக்கு நேர் தலைகீழ்: ட்ரூன்னா ஏற்கெனவே காத்திருந்ததோட நேரத்தை மாத்தியிருக்குது, ஃபால்ஸ்னா புதுசா ஏறியிருக்குது. ஒண்ணுக்கு எழுதின கோடை இன்னொண்ணுக்கு அப்படியே மாத்தினா எண்ணிக்கை ரெண்டு பக்கமும் தப்பும். கேன்சல்_டிலேய்டு_வொர்க்_சிங்க் ட்ரூ தந்தா காத்திருந்த வொர்க் ஓடாமயே போயிடுச்சு, அதோட பங்கை நீங்கதான் விடோணும். தறி_பூட்டு கையில வெச்சுட்டு அந்த சிங்க்கைக் கூப்பிடாதீங்க, வொர்க்கும் அதே பூட்டுக்குக் காத்திருந்தா ரெண்டும் நின்னுடும்.

தறி_நீக்கு()ல கெட் இருக்கறதுக்கு ஒரே காரணம், லிஸ்ட் பங்கை விட்ட பிறகு பேரை அச்சிடறது. வரிசையை மாத்துங்க: முதல்ல அச்சிடு, அப்பறம் லிஸ்ட்_டெல், கடைசியா லிஸ்ட் பங்கை விடு. அதோட அந்த ஜோடியும் வீணாகுது. ஆக 8 போகுது, 3 நிக்குது.

ஆனைமலை_அடிவாரம்

இவ்வளவு பாடுபட்டு என்ன மிச்சம்ங்கறேன்? எக்ஸ்86ல போட்டி இல்லாத லாக் முன்னொட்டு ஆணை ஒண்ணு ஏறக்குறைய 20 சைக்கிள். கெட்டும் புட்டும் சேர்த்து 40. ஐயாக்டில் (யூசர் புரோகிராம் டிரைவரைக் கூப்பிடற சிஸ்டம் கால்) உள்ளே வந்து போற செலவுலயே இது காணாமப் போயிடும். மியூடெக்ஸ் எடுக்கறதே ஒரு அணுச்செயல்தானே.

சிறுவாணி

இந்த டிரைவரில் வேகம் கூடும் என்று கமிட் மெசேஜில் எழுதினால் நானும் நம்பமாட்டேன். தனி மியூடெக்ஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு சிபியுதான் எண்ணிக்கையைத் தொடும்.

ரீட்-லாக்கில் கதை வேறு. ஆர்டபிள்யூ செமஃபோரை (பலர் ஒன்றாகப் படிக்க விடும் லாக்) ரீட் பக்கம் பிடித்து பல சிபியுக்கள் ஒரே பொருளில் கெட்/புட் செய்தால் எண்ணிக்கை இருக்கும் 64 பைட் கேஷ் லைன் கோர்களுக்கு இடையே பந்தாகப் பறக்கும். அதே லைனில் அடிக்கடி படிக்கும் ஃபீல்டு இருந்தால் அதைப் படிப்பவர்களும் சேர்ந்து அடிபடுவார்கள். பாஹோல் ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைக் காட்டும். பெர்ஃப் சி2சி ரிப்போர்ட்டில் ஹிட்எம் (வேறு கோர் மாற்றி வைத்திருந்த லைனைத் தொட்ட முறை) எந்த ஆஃப்செட்டில் குவிகிறது என்று பார்த்தால் ரெஃப்கவுண்ட்தான் குற்றவாளியா என்று தெரியும். ரீட்-லாக்கின் சொந்த எண்ணிக்கையும் அதேபோல் பறக்கும் என்பதால், கெட்டை எடுத்தால் பாதி நோய்தான் தீரும்.

கெர்னலில் பெரிய வேட்டை நடந்த இடங்களெல்லாம் அப்படிப்பட்டவை. 2011இல் வந்த 2.6.38இல் கோப்புப் பாதை தேடலை ஆர்சியு-வாக்காக (எண்ணிக்கையை ஏற்றாமல் நடக்கும் முறை) மாற்றி, ஒவ்வொரு கோப்புறைக்கும் டென்ட்ரி (கோப்புப் பெயர்ப் பதிவு) எண்ணிக்கையைத் தொடுவதை நிறுத்தினார்கள். எஃப்டிகெட்டும் இதே யோசனைதான்: ஃபைல் டேபிளை வேறு யாரும் பகிரவில்லை என்றால் ஃபைலின் எண்ணிக்கையை ஏற்றுவதே இல்லை.

இங்கே கிடைக்கும் லாபம் எரர் பாத். 8 ஃபங்ஷன்களில் எத்தனை கோட்டூ லேபிள் குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். இல்லாத புட்டை யாரும் மறக்க முடியாது.

சென்னிமலை

நெட்வொர்க் பக்கம் இதுக்கு நல்ல முன்மாதிரி இருக்குதுங்க. டெவ்_கெட்_பை_இண்டெக்ஸ் எண்ணிக்கையை ஏத்தித் தரும், டெவ்_புட் போடோணும். முன்னாடி ரெண்டு அடிக்கோடு போட்ட __டெவ்_கெட்_பை_இண்டெக்ஸ் ஏத்தாது, ஆனா ஆர்டிஎன்எல் பூட்டு (நெட்வொர்க் அமைப்பு மாத்தறதுக்கான குளோபல் மியூடெக்ஸ்) கையில இருக்கோணும். நெட் டிவைஸை லிஸ்ட்ல இருந்து எடுக்கறதும் ஆர்டிஎன்எல்லுக்குள்ளதான், அதனால இது செல்லும். ஆர்டிஎன்எல் பிடிச்ச ஃபங்ஷன்ல முதல் வகையைப் பார்த்தா ரெண்டாவதுக்கு மாத்தலாமான்னு உடனே யோசிக்கலாம்.

புட் மறந்தா என்ன ஆகும்னு அங்க எல்லாருக்கும் தெரியும்: "அன்ரெஜிஸ்டர்_நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார் ... டு பிகம் ஃப்ரீ, யூசேஜ் கவுண்ட் = 1". வழக்கமா 10 நொடிக்கு ஒருக்கா வரும், ரீபூட் வரைக்கும் ஓயாது. யாரு மறந்தாங்கன்னு அந்த வரியில இருக்காது. அதுக்குத்தான் 5.17ல ரெஃப் டிராக்கர் சேர்த்தாங்க, பங்கு எடுத்த இடத்தோட ஸ்டாக்கை வெச்சிருந்து காட்டும்.

நடுவுல பூட்டு திறக்கற குழி அங்கயும் உண்டு. டிசி (டிராஃபிக் கண்ட்ரோல்) கோடுல மாட்யூல் ஏத்தறதுக்காக ஆர்டிஎன்எல்லைத் திறந்து மூடிட்டு, மைனஸ் ஈஅகெய்ன் (மறுபடி முயற்சி பண்ணுங்கற எரர்) தந்து மொத்த வேலையையும் முதல்ல இருந்து செய்ய வைப்பாங்க. பழைய பாயிண்டரை நம்பாம இருக்கறதுக்கு அது ஒரு நேர்மையான வழி.

பேரு வெக்கறதுலயும் அந்த வழக்கத்தையே எடுத்துக்கங்க. பங்கு தராததுக்கு __தறி_தேடு(), தர்றதுக்கு தறி_தேடி_எடு(). ஒரே பேருல ரெண்டு நடத்தை வேண்டாம்.

ஆனைமலை_அடிவாரம்

எரர் பாத் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். லிஸ்ட் பங்கே வெச்சிருக்காத வடிவம் இருக்குதே, அதுல இந்தச் சோதனை செல்லுமா? யாரோ வெளியில கடைசிப் புட் பண்ணுவாங்க, ரிலீஸ் ஃபங்ஷன்தான் பூட்டை எடுத்து லிஸ்ட்ல இருந்து தூக்கும்.

சிறுவாணி

அதில் நிலைமை மாறும். பூட்டுக்குள் லிஸ்ட்டில் கண்ட பொருளின் எண்ணிக்கை ஏற்கெனவே 0 ஆகி, அதன் ரிலீஸ் உங்கள் பூட்டுக்காக வாசலில் நிற்கலாம். நினைவகம் செல்லும், பொருள் செத்துவிட்டது. அங்கே வெறும் கேரெஃப்_கெட் போட்டால் "அடிஷன் ஆன் 0, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ" எச்சரிக்கை வரும். கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ போட்டு, தோற்றால் "இல்லை" என்று நடத்த வேண்டும். அந்த கெட் எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை, உயிர்ச் சோதனையும் அதுதான். வீண் என்று எடுத்தால் செத்த தறிக்கு ஆணை அனுப்புவீர்கள்.

கேரெஃப்_புட்_மியூடெக்ஸ் பயன்படுத்தினால் அந்த இடைவெளி மூடும். கடைசிப் புட்டாக இருந்தால் மட்டும் பூட்டை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை 0 ஆக்கி, பூட்டோடு ரிலீஸைக் கூப்பிடும். ரிலீஸ்தான் பூட்டைத் திறக்க வேண்டும், அதை மறப்பவர்கள் உண்டு.

நொய்யல்கரை

நம்மளது லிஸ்ட் பங்கு வெச்சிருக்கற வகைங்க. 8 ஜோடி போன பிறகு கெட் எல்லாமே பூட்டுக்குள்ளதான் நடக்குது. அப்ப கேரெஃப்பைத் தூக்கிட்டு வெறும் இண்ட் வெச்சா போதாதுங்களா?

சிறுவாணி

கெட் மட்டும் பூட்டுக்குள் இருந்தால் போதாது, புட்டும் இருக்க வேண்டும். ஃபைல் மூடும்போது பூட்டில்லாமல் தறி_விடு() என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வொர்க் முடிவிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு சிபியுக்கள் ஒரே நேரத்தில் குறைத்தால் ஒரு குறைப்பு தொலையும்.

எல்லாம் பூட்டுக்குள் என்றாலும் நான் ரெஃப்கவுண்ட்_டீயை விடமாட்டேன். 2016இல் வெளிவந்த சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கீரிங் (கெர்னலின் சாவிச் சேமிப்பு) கோடில் ஒரு எரர் பாத்தில் புட் விடுபட்டது, 3.8 கெர்னலிலிருந்து. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பங்கு கசிந்து, 32 பிட் எண்ணிக்கை சுற்றி 0க்கு வந்து, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ ஆனது. 2017இல் 4.11இல் வந்த ரெஃப்கவுண்ட்_டீ சுற்றாது. தேக்க மதிப்பில் நின்றுவிடும், நினைவகம் கசிவதோடு போகும். வெறும் இண்ட்டில் அந்தக் காவல் இல்லை.

பவானிக்கூடல்

பேட்ச் வரிசை இப்படி இருக்கட்டும் தம்பி. 1: தறி_தேடு()க்குள்ள லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட் (பூட்டு கையில இல்லைன்னா எச்சரிக்கை அடிக்கறது) மட்டும் சேருங்க, வேற எதையும் தொடாதீங்க. 2: தறி_நீக்கு() வரிசை மாத்தறது. 3: __தறி_தேடு() பிரிக்கறது. அதுக்கு மேல ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு பேட்ச். ஏதாவது உடைஞ்சா பைசெக்ட் (உடைச்ச பேட்ச்சைப் பாதி பாதியா தேடறது) ஒரே ஃபங்ஷனைக் காட்டும்.

முதல் பேட்ச்சோட ப்ரூவ்_லாக்கிங் (லாக்டெப்ங்கற லாக் சோதனை) ஆன் பண்ணின கெர்னல்ல எல்லா ஐயாக்டிலையும் ஓட்டுங்க. மியூடெக்ஸ்_இஸ்_லாக்டு வெச்சு சோதிக்காதீங்க, அது யாரு பிடிச்சிருந்தாலும் ட்ரூதான். நெட்வொர்க்ல அசெர்ட்_ஆர்டிஎன்எல்லுக்கும் அதே குறை.

சிறுவாணி

ஒன்று சேர்க்கிறேன். லாக்டெப் முதல் புகாரைக் கொடுத்ததும் தன்னையே அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது வேறு ஏதோ டிரைவர் ஒரு புகாரைக் கிளப்பியிருந்தால் உங்கள் அசெர்ட் அதன் பிறகு வாயே திறக்காது, நீங்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓட்டி முடித்ததும் ப்ராக்கில் லாக்டெப்_ஸ்டாட்ஸ் கோப்பில் டீபக்_லாக்ஸ் 1 ஆகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றங்கள் சேர்ந்த பிறகு கேசான் (நினைவகப் பிழையைப் பிடிக்கும் சோதனை) கெர்னலில் ஓட்டுங்கள். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கு (கேசானின் சொந்தக் கணக்குக்கு) போகும், பரவாயில்லை. எரர் பாத்களை எட்ட ஃபெயில்ஸ்லாப் போட்டு கேமல்லாக்கைத் தோற்க வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மாற்றிய கோட்டூக்களில் பாதி ஓடவே ஓடாது.

நொய்யல்கரை

முதல் பேட்ச் மட்டும் போட்டு ஓட்டினேனுங்க. டீபக்_லாக்ஸ் 1தான், ஆனா டிமெசேஜ்ல நம்ம அசெர்ட் எச்சரிக்கை அடிச்சிருக்குது. ஸ்டாக்ல டீபக்எஃப்எஸ் (டிபக் விவரம் காட்டற கோப்பு அமைப்பு) ஷோ ஃபங்ஷன் இருக்குது. அது தறி_தேடு()வை ஒரு மேக்ரோ வழியா கூப்பிடுது, பேரை ஒட்டிச் சேர்க்கற மேக்ரோ, கிரெப்ல சிக்கலை. பூட்டே எடுக்கறதில்லை. ஆக 11 இல்லை, 12.

காங்கேயம்

சீட்டு மட்டும் எழுதிட்டு கிடங்கைத் திறந்தே போட்டுட்டாங்க.

பவானிக்கூடல்

அது இன்னைக்கே இருக்கற பிழை. பூட்டில்லாம லிஸ்ட்டை நடந்தா, கேரெஃப்_கெட் போய்ச் சேரறதுக்குள்ள ஸ்ட்ரக்ட் போயிருக்கலாம். கெட் இருந்தும் காப்பாத்தாது. அங்க பூட்டு எடுக்கற பேட்ச்சைத் தனியா, எல்லாத்துக்கும் முன்னாடி வைங்க. ஃபிக்ஸஸ் டேக்ல அந்த ஷோ ஃபங்ஷனைச் சேர்த்த கமிட்டைக் குறிப்பிட்டு, ஸ்டேபிளுக்கும் நகல் போடுங்க. அசெர்ட் பேட்ச் அதுக்கு அடுத்தது, முன்னாடி போனா பைசெக்ட் நடுவுல எச்சரிக்கை அடிக்கும்.

நொய்யல்கரை

ஷோவுல பூட்டு எடுத்தாச்சுங்க. அதுலயும் படிச்சு அச்சிடறது மட்டும்தான், பாயிண்டர் வெளிய போகலை. அதோட ஜோடியும் கடைசி பேட்ச்ல போகுது. மறுக்கா ஓட்டினதுல எச்சரிக்கை எதுவும் வரலை, டீபக்_லாக்ஸும் 1. கேசான் ஓட்டம் இனிமேல்தான், முடிஞ்சதும் எல்லா பேட்ச்சையும் இங்கயே ஒட்டறேன்.